இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தையை வீட்டில் பேணும் முறை

இரத்தப் புற்றுநோய் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மனம் தளர்ந்துவிடும் பெற்றோர் நம் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுடைய அச்சம் ஒரு காலத்தில் நியாயமாகவே இருந்தது. 1950ஆம் ஆண்டுகளில் இந்நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில மாதங்களில் மாண்டனர். இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. மலேசிய, சிங்கப்பூர்க் குழந்தை மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய ஒரு சிகிச்சைத் திட்டத்தின் முடிவுகள் 2012ஆம் ஆண்டில் வெளியாயின. குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படும் லிம்போசைட் வகை இரத்தப் புற்றுநோய்க்கு அத்திட்டத்தில் சிகிச்சை பெற்றோர் 556 பேர். ஆறாண்டு கழித்தும் உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேராவர்.

ஆயினும், பிழைக்காமற் போகும் குழந்தைகளைப் பற்றியும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். அவர்களுள் ஒரு பகுதியினர் புற்றுநோயால் இறப்பதில்லை. நோய் தணிந்துகொண்டிருக்கும் வேளையில், கிருமித் தொற்று ஏற்பட்டு இறக்கின்றனர். சிகிச்சையின் முதல் சில வாரங்களில் இவ்வாபத்து மிகுதி. புற்றுநோயை அழிக்கும் பொறுப்பு மருத்துவமனையைச் சார்ந்தது. தொற்றைக் காலத்தில் கண்டுகொள்ளும் பொறுப்போ, பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களையே சார்ந்திருக்கிறது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்து அறியவில்லை. தகவல் பணிக்கு வருமுன் நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். என் இரண்டாம் ஆண்டு வகுப்பில், இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த சிறுமி ஒருத்தி இருந்தாள். நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பியவள். உதிர்ந்த முடி வளர்ந்திருந்தது, கன்னமும் பூரித்திருந்தது. ஆகவே நோய் நீங்கிவிட்டது என்றே எண்ணியிருந்தேன். ஒரு நாள் ஓய்வு நேரம் முடிந்தபின் அவள் மேசைமீது தலை சாய்த்துக் கிடந்தாள். தொட்டுப் பார்த்தேன், உடல் சுட்டது. முதலுதவிப் பெட்டியிலிருந்த காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுத்து, ஆசிரியர் அறையில் படுக்க வைத்தேன். சற்று நேரத்தில் வியர்த்தது, சூடு இறங்கியது. நல்லதொரு காரியம் செய்தோம் என்று மகிழ்ந்தேன். வேலைக்காட்டிலிருந்த தாய்க்கு ஆளனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அன்றிரவு அவளை நினைவற்ற நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். கிருமிகள் இரத்தத்தில் பரவியிருந்தன. மூன்று வாரங்களுக்குப் பிறகு உயிருடன் திரும்பினாள். தாயார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “வாத்தியாருக்கு எப்படிங்க தெரியும்?” என்று மட்டும் சொன்னார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே உண்மை.

உடலில் நிகழ்வது என்ன?

நம் எலும்புகளின் உள்ளே மச்சை என்னும் மென்மையான பொருள் இருக்கிறது. இரத்த அணுக்கள் யாவும் அங்குதான் உற்பத்தியாகின்றன. இதனை ஒரு நாற்றங்காலுக்கு ஒப்பிடலாம். நாற்றங்காலில் லாலான் புல் மண்டிவிட்டால் கன்றுகள் எழ இடமிருப்பதில்லை. அவ்வாறே, முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி மச்சையை அடைத்துக்கொள்வதே இந்நோயாகும். சிவப்பணுக்கள் குறைவதால் குழந்தை வெளிறிப்போகிறது. தட்டணுக்கள் குறைவதால் அடிபடாமலேயே தோலில் நீலத் தழும்புகள் தோன்றுகின்றன, ஈறுகளில் இரத்தம் கசிகிறது. கிருமிகளோடு போரிடும் நல்ல வெள்ளணுக்கள் குறைவதால் தொற்றுகள் எளிதில் பற்றுகின்றன.

இனி, புல்லைக் கொல்லத் தெளிக்கும் மருந்து கன்றையும் சற்று வாட்டத்தான் செய்யும். கீமோதெரப்பி மருந்துகளின் தன்மையும் அதுவே. கிருமிகளை முதலில் எதிர்த்து நிற்பவை நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள். நலமுள்ள குழந்தையின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இவை 1,500க்கு மேல் இருக்கும். மருந்து ஏற்றியபின், பெரும்பாலும் 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில், இவ்வெண்ணிக்கை 500க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். அந்நாட்களில் குழந்தையின் வாயிலும் குடலிலும் தோலிலும் வழக்கமாகக் குடியிருக்கும் கிருமிகளே பகையாகிவிடுகின்றன. சீழ்கூடக் கட்டாது, புண் சிவக்காது. ஏனெனில் சீழ் கட்டுவதற்கும் வெள்ளணு வேண்டும். காய்ச்சல் ஒன்றே வெளியில் தெரியும் அடையாளமாக இருக்கும்.

காய்ச்சல் கண்டால்

நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. இக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு மின்னியல் வெப்பமானி கட்டாயம் இருக்க வேண்டும். அக்குளிலோ காதிலோ வைத்துப் பார்க்கலாம். ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாகாது. அங்குள்ள மெல்லிய தோல் கிழிந்தால் கிருமி உட்புக வழியாகிவிடும். வெப்பநிலை ஒரே ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும், அல்லது 38.0 டிகிரியில் ஒரு மணி நேரம் நீடித்தாலும், அதனை அவசர நிலையாகக் கொள்ள வேண்டும். உங்கள் மருத்துவமனை வேறோர் அளவைக் குறித்துக் கொடுத்திருப்பின், அந்த அளவையே பின்பற்றுக.

அவசரம் என்றால், விடியும்வரை காத்திராமல், கணவர் வேலை முடிந்து வரும்வரை பொறுத்திராமல், அப்பொழுதே புறப்படுவது என்று பொருள். பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட வழக்கம். ஏனைய குழந்தைகளுக்கு அது பொருந்தலாம்; இக்குழந்தைக்குப் பொருந்தாது. அம்மருந்து காய்ச்சலை இறக்குமேயன்றி, கிருமியை ஒன்றும் செய்யாது. நோய் உள்ளே முற்றிக்கொண்டிருக்க, நாம் மட்டும் நிம்மதி அடைகிறோம். மருத்துவரிடம் பேசி, அவர் கொடுக்கச் சொன்னால் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் ஆகிய மருந்துகளைத் தாமாகக் கொடுக்கவே கூடாது. தட்டணு குறைந்த உடலில் அவை இரத்தக் கசிவை உண்டாக்கும்.

இத்தகைய குழந்தை மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள், ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இரத்தக் குழாய் வழியாக ஏறத் தொடங்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் வகுத்துக்கொண்டுள்ள இலக்கு. எனவே, வழக்கமாகச் செல்லும் பெரிய மருத்துவமனை தொலைவிலிருந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே முதலில் செல்க. சிகிச்சைப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்க. முகப்பில் எண் வாங்கிக்கொண்டு வரிசையில் பேசாமல் உட்கார்ந்துவிட வேண்டா. நம் மக்களின் அடக்கம் பல இடங்களில் நற்குணமே. இந்த இடத்தில் அது குழந்தைக்குக் கேடாக முடியும். மலாய் மொழியில் தடுமாறுவோர்க்கும் ‘கீமோ’, ‘டெமாம்’ என்னும் இரண்டு சொற்கள் போதும். அவ்விரண்டையும் கேட்ட தாதியர் உடனே எழுந்திருப்பார்கள்.

காய்ச்சல் இல்லாமலும் தொற்று வரலாம் என்பது பலரும் அறியாத ஒன்று. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளை உட்கொள்ளும் வாரங்களில் காய்ச்சல் மறைந்தே நிற்கக்கூடும். குழந்தை வழக்கத்திற்கு மாறாகத் துவண்டு கிடத்தல், கைகால் சில்லிடுதல், மூச்சு வாங்குதல், வயிறு விடாமல் வலித்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், வெப்பமானி என்ன காட்டினாலும் புறப்பட்டுவிட வேண்டும். மார்பில் மருந்துக் குழாய் பொருத்தப்பட்டிருக்கும் குழந்தைக்கு, அக்குழாயைக் கழுவிய சிறிது நேரத்தில் உடல் நடுங்கினால், குழாயிலேயே கிருமி தங்கியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாட்களுக்குக் கொடுக்கச் சொல்லும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையைச் சில பெற்றோர், “சளி இல்லையே, எதற்கு?” என்று நிறுத்திவிடுகின்றனர். ஒருவகை நுரையீரல் அழற்சி வராமல் தடுப்பதற்கென்றே கொடுக்கப்படும் மருந்து அது. சளி இல்லாதிருப்பதே அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகலாம்.

அம்மையும் அண்டை வீடும்

சின்னம்மையும் தட்டம்மையும் இக்குழந்தைகளின் உயிருக்கே உலை வைக்கக் கூடியவை. அம்மை கண்ட வீட்டில் மருந்து சேர்ப்பதில்லை என்பது நம் முன்னோர் வழக்கு. வாசலில் வேப்பிலை கட்டுவதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் அண்டை வீட்டிலோ வகுப்பிலோ ஒருவருக்கு அம்மை கண்டது என்று தெரிந்தால், சிகிச்சையிலிருக்கும் குழந்தையின் பெற்றோர்க்கு அச்செய்தியை அன்றே சொல்லியனுப்புவது எல்லாருடைய கடமையுமாகும். கொப்புளம் தோன்றும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தொடர்பு ஏற்பட்ட சில நாட்களுக்குள் தற்காப்பு ஊசி போட்டால்தான் பயன் உண்டு. அம்மை கண்ட வீட்டார் இதனை மறைப்பதும் உண்டு. வெட்கப்பட இதில் ஏதுமில்லை.

தட்டம்மைத் தடுப்பூசி போன்ற, உயிருள்ள கிருமிகளைக் கொண்டு செய்யப்படும் தடுப்பூசிகளைச் சிகிச்சைக் காலத்தில் இக்குழந்தைக்குப் போடலாகாது. அதனாலேயே வீட்டிலுள்ள அண்ணன், அக்காள், தம்பி, தங்கையர்க்குத் தடுப்பூசிகள் ஒன்றுவிடாமல் போடப்பட்டிருக்க வேண்டும். அவர்களே அக்குழந்தையைச் சுற்றி நிற்கும் வேலி. சிகிச்சை நடக்கும் வீடு என்பதைத் தாதியரிடம் சொல்லிவிட்டால், எது தகும், எது தகாது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பெரியவர்கள் ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்வதும் நன்று.

வேலைக்காட்டிலிருந்து, சிறப்பாக மருந்தடிக்கும் வேலையிலிருந்து திரும்புவோர், குளித்து உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். வெள்ளணு குறைந்த நாட்களில் கோயில் திருவிழாக் கூட்டமும் இரவுச் சந்தையும் வேண்டா. விபூதியை வீட்டிற்கு வாங்கிவந்து இடலாம்; கொதிக்க வைக்காத தீர்த்தத்தைக் குடிக்கக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

உணவு: பத்தியம் எனும் பிழை

மெலிந்த குழந்தையால் கீமோதெரப்பி மருந்துகளைத் தாங்க இயலாது. குடலின் உட்சுவர் நலிகிறது, தொற்றுகள் மிகுகின்றன, மருந்தை அடிக்கடி நிறுத்திவைக்க நேரிடுகிறது. மத்திய அமெரிக்க நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளிலும், ஊட்டம் குறைந்த குழந்தைகளின் நிலையே பிற்பட்டிருந்தது. இந்நிலையில், நம் வீடுகளில் நோய் என்றதும் முதலில் தொடங்குவது பத்தியம். முட்டை சூடு, மீன் ஆகாது, தயிர் சளி, பழம் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாக விலக்கியபின், குழந்தையின் கிண்ணத்தில் எஞ்சுவது உப்புப் போட்ட வெறுங்கஞ்சியே. புற்றுநோய்க்கு இனிப்பே தீனி என்று கேள்விப்பட்டு, சோற்றையே குறைத்த ஒரு குடும்பத்தையும் நான் கண்டிருக்கிறேன். வளரும் குழந்தையைப் பட்டினி போட்டுப் புற்றணுவைப் பட்டினி போட முடியாது.

மருத்துவமனைகளிலும் முன்னாளில் ஒரு கடும்பத்தியம் இருந்தது. வெள்ளணு குறைந்த குழந்தைக்குப் பச்சைக் காய்களும் பழங்களும் அறவே கூடாது என்றார்கள். அண்மைக் காலத்தில் இதனை முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, சமையல் தூய்மையைக் கடைப்பிடித்து உண்ட குழந்தைகளைவிட, பழங்களை அறவே விலக்கிய குழந்தைகளுக்குத் தொற்று குறையவில்லை என்பது தெரிந்தது. ஆகவே வாழைப்பழம், பப்பாளி, ஆரஞ்சு போன்றவற்றை நன்றாகக் கழுவி, வீட்டிலேயே தோல் உரித்து, உடனே கொடுக்கலாம். தெருவோரத்தில் வெட்டிப் பனிக்கட்டியின்மேல் அடுக்கியிருக்கும் பழங்கள் வேறு, அவை வேண்டா. சில மருத்துவமனைகள் இன்றும் பழைய கட்டுப்பாட்டை வைத்திருக்கின்றன. அங்குச் சிகிச்சை பெறுவோர் மருத்துவரிடம் கேட்டறிந்து நடக்க வேண்டும்.

உண்மையில் விலக்க வேண்டியவை சிலவே. காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை, வெந்தும் வேகாத சிப்பி, காய்ச்சாத பசும்பால், ஒட்டுக்கடைச் சட்டினி, பச்சை முளைப்பயறு, கடைப் பனிக்கட்டி ஆகியன. பழைய சோற்றையும் இப்பட்டியலில் சேர்ப்பது எனக்கே வருத்தம்தான். அதை உண்டு வளர்ந்தவன் நான். ஆனால் இரவெல்லாம் வெளியில் இருந்த சோற்றில், சூடாக்கினாலும் அழியாத நச்சு உண்டாகியிருக்கலாம். வீட்டில் உறை ஊற்றிய தயிரை, வெள்ளணு குறைந்த நாட்களில் கொடுக்கலாமா என்பதை மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. குடிநீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். இறைச்சி நறுக்கிய பலகையில் பழம் நறுக்க வேண்டா.

கஞ்சி தாழ்ந்த உணவன்று. அதனுள் என்ன சேர்க்கிறோம் என்பதே கேள்வி. தண்ணீராக வடித்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. அதே கஞ்சியைச் சற்றுக் கெட்டியாகக் காய்ச்சி, வேகவைத்த பருப்பு, உதிர்த்த மீன் அல்லது பொடித்த நெத்திலி, முழுதும் வெந்த ஒரு முட்டை ஆகியவற்றைச் சேர்த்தால் அது நிறையுணவாகிவிடும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 40 கலோரி சத்தைக் கூட்டுகிறது. குழந்தைக்கு அது தெரியவே தெரியாது. தோஃபு, நன்றாக வேகவைத்த தெம்பே, கேழ்வரகுக் கூழ் ஆகியன விலை மலிந்தவை. டின்னில் விற்கும் இனிப்புக் கெட்டிப்பாலைப் பாலென்று எண்ணிக் கொடுத்து வருவோர் உளர். அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையே.

மூன்று வேளை வயிறு நிறைய என்பதைவிட, இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை சிறிதளவு கொடுப்பது நன்று. வாந்தி தடுக்கும் மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். கட்டாயப்படுத்தி ஊட்டுவதும், கரண்டியால் தட்டுவதும், அழுவதும் பயன் தருவதில்லை. மருந்தினால் நாக்கின் சுவையே மாறிப்போயிருக்கும். நேற்று விரும்பியதை இன்று வெறுப்பது குழந்தையின் குற்றமன்று. ஒன்றும் இறங்காத நிலையில் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி ஊட்டம் கொடுக்க நினைப்பார். பெற்றோர் பலர் இதனை இறுதிக் கட்டம் என்று நினைத்து மறுக்கின்றனர். அது சில வாரங்களுக்கான உதவியேயன்றி வேறன்று.

வாய்ப்புண் வந்தால் புளிப்பும் காரமும் சூடும் ஆகா. ஆறிய கூழ், மசித்த வாழைப்பழம், முழுதும் வெந்த முட்டைக் கஸ்டர்ட் ஆகியன இறங்கும். ஒரு குவளை கொதித்தாறிய நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளுக்கு நான்கு முறை கொப்பளிக்கச் செய்ய வேண்டும். பல் துலக்க மிக மென்மையான தூரிகையே தகும். வேப்பங்குச்சியும் கரித்தூளும் ஈற்றைக் கிழிக்கும். நாக்கில் வெண்படலம் படிந்தால் அது காளான் தொற்று; மருந்து உண்டு. வின்கிரிஸ்டின் மருந்தினால் மலச்சிக்கல் ஏற்படும். அதற்கு எனிமா கொடுப்பதோ, ஆசனவாயில் சோப்புத் துண்டு வைப்பதோ கூடாது. அஸ்பராஜினேஸ் ஊசி போட்ட காலத்தில் மேல்வயிற்றில் கடும் வலியும் வாந்தியும் கண்டால், வாயு என்று ஓமநீர் கொடுத்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க. கணையம் வீங்கியிருக்கக்கூடும்.

ஸ்டீராய்டு உண்ணும் வாரங்களில் நிலைமை தலைகீழாகும். குழந்தை நள்ளிரவில் எழுந்து சோறு கேட்கும். முகம் உருண்டு வரும். உறவினர் வந்து, “பிள்ளை தேறிவிட்டான்” என்பார்கள். கையைப் பாருங்கள். மேற்கை மெலிந்திருந்தால், ஏறிய எடை கொழுப்பும் நீருமே, தசை கரைந்துகொண்டிருக்கிறது. நான் என் மாணவியின் கன்னத்தைப் பார்த்து ஏமாந்ததும் இப்படித்தான். ஆகவே எடையோடு மேற்கைச் சுற்றளவையும் அளக்கும்படி தாதியைக் கேட்டு, அதைப் புத்தகத்தில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்நாட்களில் உப்பையும் சர்க்கரையையும் குறைத்து, முட்டையையும் மீனையும் கூட்ட வேண்டும். அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் இரத்தத்தில் சர்க்கரை ஏறியதைக் காட்டும்.

சத்து மருந்து என்னும் பெயரில் விற்கப்படும் எதையும், மூலிகைச் சாறு எதையும், மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டா. இதற்கு ஒரு வரலாறு உண்டு. சோகைக்குக் கொடுக்கும் போலிக் அமிலம் என்னும் சத்து, இந்நோயில் புற்றணுக்களை விரைவாகப் பெருக்குவதாக பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் ஐயுற்றார். அப்படியானால் அச்சத்தைத் தடுக்கும் பொருள் நோயைத் தணிக்குமே என்று சிந்தித்தார். அத்தகைய பொருளை அவருக்கு உருவாக்கிக் கொடுத்த ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையின்படி, 16 குழந்தைகளுள் 10 பேருக்குச் சில காலம் நோய் தணிந்தது. அதற்குமுன் எம்மருந்தும் அவ்வளவு செய்ததில்லை. இன்று கொடுக்கப்படும் மெத்தோடிரெக்சேட் அம்மருந்தின் உடன்பிறப்பே. அதனை ஒரு கையால் கொடுத்து, மறுகையால் போலிக் அமில டானிக்கை ஊற்றினால், ஒன்றையொன்று முறித்துவிடும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இயற்கையான அளவுக்கு அஞ்ச வேண்டா. அவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மெர்காப்டோபியூரின் மாத்திரையை நாள்தோறும், ஒரே நேரத்தில், இரண்டாண்டு அளவுக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். குழந்தை ஓடியாடும் காலத்தில் இது மறந்துபோகும். மாதத்தில் சில நாட்கள் விடுபட்டாலும் நோய் திரும்பும் வாய்ப்பு உயர்கிறது என்பது ஆராய்ந்து கண்டது. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் கோடிட்டு வருக.

சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே வீட்டார் கூடி ஒரு காரியத்தை முடித்துவிட வேண்டும். நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் யாருடைய வாகனத்தில் போவது? அவர் ஊரில் இல்லையென்றால் அடுத்து யார்? தோட்ட நிர்வாகத்திடமும் மருத்துவ உதவியாளரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போக்குவரத்துச் செலவுக்கு வழியில்லாதோர் மருத்துவமனைச் சமூகநல அதிகாரியைக் காணலாம். பின்னர் ஒரு தாளில் குழந்தையின் பெயர், நோயின் பெயர், மருத்துவமனைப் பதிவெண், வார்டின் தொலைபேசி எண், புறப்பட வேண்டிய வெப்பநிலை, வாகனம் தருவோர் இருவரின் எண், அவசர எண் 999 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, கதவின் உட்புறம் ஒட்டுக. இரண்டாவது படியை வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும். அவரிடம் அதனை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு வருவது இன்னும் நல்லது.